வெப்பமானி சொல்வதும் உடல் சொல்வதும்

கோடை தொடங்கிவிட்டால் எங்கள் மருத்துவமனையின் வெளிநோயாளர் கூடத்தில் ஒரு கேள்வி நாள்தோறும் எழும். "இன்றைக்கு எத்தனை டிகிரியாம்?" நோயாளிக்குத் துணையாக வந்தவர் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கேட்பார். அவர் கைப்பேசியைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண் 100 பாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தால் கூடத்தில் ஒரு பெருமூச்சு பரவும். தாண்டவில்லையென்றால், "பரவாயில்லை, நேற்றைக்குக் குறைவுதான்" என்று ஆறுதல் கொள்வார்கள்.

கடந்த கோடையில் ஒரு பெண்மணி தம் தந்தையை அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தார். எழுபது வயதைக் கடந்த அவர் இதய நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர். காலையில் எழுந்தவர் தடுமாறி விழுந்திருக்கிறார். பேச்சும் சற்றுக் குழறியிருக்கிறது. அவரைப் படுக்கையில் கிடத்திச் சிகிச்சையைத் தொடங்கியபின், மகள் எங்களிடம் கேட்டார்: "மூன்று நாளைக்கு முன்னால் 41 டிகிரி அடித்தது. அன்றைக்கு அப்பா நன்றாகத்தான் இருந்தார். நேற்று 38தான். வெயில் குறைந்த பிறகு போய் இவருக்கு ஏன் இப்படி ஆனது?"

அந்தக் கேள்விக்கு அன்று சுருக்கமாகத்தான் விடை சொல்ல முடிந்தது. அதை விரிவாகச் சொல்லவே இக்கட்டுரை. செய்தியில் வரும் வெப்பநிலை எங்கே, எப்படி அளக்கப்படுகிறது, அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் அறிந்திருந்தால், சில துன்பங்களைத் தவிர்க்கலாம்.

சென்னையின் இரு எல்லைகள்

சென்னை நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் பதிவுகளில் இரண்டு எண்கள் தனித்து நிற்கின்றன. ஒன்று 45.0 டிகிரி செல்சியஸ்; 2003 மே 31 அன்று பதிவானது. பாரன்ஹீட்டில் சொன்னால் 113. மற்றொன்று 13.9 டிகிரி செல்சியஸ். 1895 டிசம்பர் 11 அன்றும் 1905 ஜனவரி 29 அன்றும் பதிவானது. பாரன்ஹீட்டில் 57. அங்கே பதிவான உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலான தொலைவு 31.1 டிகிரிதான்.

உலகின் எல்லைகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவானது. அண்டார்க்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பூச்சியத்துக்குக் கீழே 89.2 டிகிரி பதிவானது. நம் நாட்டில் இராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி. இவற்றின் முன்னே சென்னை மிதமான ஊராகவே தோன்றும். கடல் அருகில் இருப்பதே அதற்குக் காரணம். நீர் மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிரும். அதனால் கரையோர ஊர்களைப் பெருவெப்பத்துக்கும் கடுங்குளிருக்கும் விடாமல் கடல் காத்து நிற்கிறது.

ஆனால் மனித உடலின் எல்லைகள் இவற்றைவிட மிகக் குறுகியவை. உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி. அது 40 டிகிரியைத் தாண்டி, நினைவும் தடுமாறினால் அது வெப்ப வாதம் எனப்படும் உயிராபத்தான நிலை. 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உடற்குளிர்வு நிலை. ஐந்து டிகிரிக்குள் அடங்கிய வாழ்வு இது. வெளியே 31 டிகிரி ஏறி இறங்கினாலும் உள்ளே இந்த ஐந்து டிகிரிக்குள் நின்றுகொள்ள உடல் இரவும் பகலும் உழைக்கிறது. நோயுற்ற உடலுக்கு அந்த உழைப்பு பெருஞ்சுமை.

கூண்டுக்குள் எடுக்கும் அளவு

சென்னையில் வானிலைக் கணிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வுக் கூடம் எழுப்பப்பட்டது. வானிலைக் குறிப்புகள் 1796 முதல் அங்கே எழுதப்பட்டு வந்தன. அக்காலத்துக் கருங்கல் தூண் ஒன்று இன்றும் அந்த வளாகத்தில் நிற்கிறது.

அங்கே வெப்பமானிகள் வெயிலில் வைக்கப்படுவதில்லை. வெள்ளை வண்ணம் பூசிய, பக்கங்களில் சாய்ந்த மரப்பட்டிகள் அடித்த ஒரு கூண்டுக்குள் அவை இருக்கும். காற்று உள்ளே புகுந்து வெளியேறலாம்; வெயில் நேரே விழாது. கூண்டைத் தரையிலிருந்து ஏறத்தாழ 4 அடி உயரத்தில், கட்டடங்களை விட்டு விலகிய திறந்த வெளியில் நிறுத்துவார்கள். இதை ஸ்டீவன்சன் கூண்டு என்பர். இதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தந்தை.

அந்த நாளின் உச்சத்தைக் காட்டும் பாதரச வெப்பமானியின் அமைப்பு உங்களுக்குப் புதியதன்று. பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை நாக்கின் கீழ் வைத்து எடுத்தபின், பாதரசம் ஏறிய இடத்திலேயே நிற்கும், உதறினால்தான் இறங்கும். குழலில் ஓரிடம் நெரிந்திருப்பதே காரணம். வானிலை நிலையத்தின் உச்ச வெப்பமானியிலும் அதே நெரிசல்தான். காய்ச்சலை அளக்கவும் ஊரின் வெப்பத்தை அளக்கவும் ஒரே உத்தி பயன்பட்டது. குறைந்த வெப்பநிலையை அளக்கும் கருவியில் பாதரசத்துக்குப் பதில் சாராயம் இருக்கும். குளிரக் குளிர அது சுருங்கி, ஒரு சிறு குறிமுள்ளைப் பின்னால் இழுத்துச் சென்று, மிகத் தாழ்ந்த இடத்தில் விட்டுவிடும். மறுநாள் காலையில் அதைப் பார்த்து இரவின் தாழ்வை எழுதுவார்கள்.

அளவு எடுப்பதில் பிழை நேராமல் இல்லை. லிபியாவின் அல் அசீசியாவில் 1922 செப்டம்பர் 13 அன்று 58 டிகிரி என்று எழுதப்பட்டது. 90 ஆண்டுகள் அதுவே உலக உச்சமாகப் பாடநூல்களில் இருந்தது. 2012இல் உலக வானிலை அமைப்பு அதை நீக்கியது. பழக்கமில்லாத ஒருவர் கருவியைத் தவறாகப் படித்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. தில்லியின் முங்கேஷ்பூரில் 2024 மே 29 அன்று 52.9 டிகிரி என்ற செய்தி நாட்டையே திடுக்கிட வைத்தது. பின்னர் ஆராய்ந்தபோது அந்தத் தானியங்கிக் கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது தெரியவந்தது. நோயாளியின் நிலைக்குப் பொருந்தாத அளவு வந்தால் எங்கள் செவிலியர் மறுமுறை அளப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆக, செய்தியில் வரும் எண் நம்பத்தக்கது. ஆனால் அது நிழலில், காற்றோட்டத்தில், திறந்த வெளியில் எடுத்த எண். உங்கள் வீட்டு அறையில் எடுத்தது அன்று. இதை மறந்துவிடக் கூடாது.

கத்திரி கழிந்த பின் வந்த உச்சம்

நம் மக்கள் கோடையின் கடுமையைக் கத்திரி வெயிலைக் கொண்டு கணக்கிடுவர். அக்கினி நட்சத்திரம் பெரும்பாலும் மே 4ஆம் நாள் தொடங்கி 28 வாக்கில் முடியும். "கத்திரி கழிந்தது, இனி அச்சமில்லை" என்று முதியவரை வெளியே அனுப்பும் வீடுகள் உண்டு. ஆனால் சென்னையின் உச்சம் மே 31 அன்று, கத்திரி கழிந்த பிறகே வந்தது.

இதற்குக் கடற்காற்றே விடை. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. நண்பகல் வாக்கில் அது வந்துவிட்டால் வெப்பம் அதற்குமேல் ஏறாது. மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் மேற்கிலிருந்து வீசும் காற்று வலுப்பெறும். அது மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து, ஈரத்தை மலைக்கு அப்பால் விட்டுவிட்டு, உலர்ந்த அனலாக உள்நாட்டின் மேல் பாய்ந்து சென்னையை அடைகிறது. அந்த வேகம் மிகுந்த நாள்களில் கடற்காற்று கரையிலேயே தடுக்கப்படுகிறது. பிற்பகல் கழிந்து வரும், சில நாள் வராமலே போகும். 2003ஆம் ஆண்டு பருவமழையும் வழக்கமான ஜூன் 1ஐத் தாண்டித் தாமதித்தது. அந்தக் கோடையில் அண்டை மாநிலமான ஆந்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெப்பத்தால் உயிரிழந்தனர்.

எனவே நாள்காட்டியில் கத்திரி முடிந்தாலும், நோயாளி இருக்கும் வீட்டில் எச்சரிக்கை முடிவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று நிலைபெற்று மாலை மழை வரத் தொடங்கும் வரை அது தொடர வேண்டும்.

அந்த எண் சொல்லாமல் விடுபவை

முதலாவது, ஈரப்பதம். ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே நம் உடல் ஏறத்தாழ ஒரு 100 வாட் விளக்கு அளவுக்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. அதை வெளியேற்றியாக வேண்டும். வெளிக்காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை எட்டிவிட்டால், வியர்வை ஒன்றே வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். ஆனால் வியர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி. சொட்டி விழுந்தால் நீரும் உப்பும் வீணாவதைத் தவிர வேறு பயனில்லை. வேலூரிலும் கரூரிலும் உலர்ந்த காற்றில் 40 டிகிரி ஒரு வகைத் துன்பம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கடலின் ஈரத்தோடு கூடிய 36 டிகிரி வேறொரு வகைத் துன்பம். எண் சிறியதாக இருப்பதால் இரண்டாவது எளிது என்று கொள்ள முடியாது. இந்திய வானிலைத் துறையும் வெப்ப அலைக்குச் சமவெளியில் 40, கடற்கரையில் 37, மலைப் பகுதியில் 30 என்று வெவ்வேறு தொடக்க அளவுகளை வைத்து, அது வழக்கத்தைவிட எவ்வளவு கூடியது என்பதையும் சேர்த்தே கணக்கிடுகிறது. 2024 ஏப்ரல் இறுதியில் உதகமண்டலத்தில் 29 டிகிரி பதிவானது. சென்னைவாசிக்கு அது இதமான நாள். உதகைக்கோ 1951 முதலான பதிவுகளில் காணாத உச்சம்.

இரண்டாவது, கூரை. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைகளின் கீழுள்ள அறையும் மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறையும் நிழலில் எடுத்த அளவைவிட மிகச் சூடாக இருக்கும். அமைதி வேண்டும் என்று நோயாளியை மாடியறையில் படுக்க வைப்பது நம் வீடுகளின் வழக்கம். கோடையில் அதுவே தீங்காகிவிடுகிறது.

மூன்றாவது, இரவு. இதுதான் மிக முக்கியமானது. பகலில் குடித்த வெப்பத்தைக் காங்கிரீட் சுவர் இரவில் உமிழ்கிறது. சென்னையின் தாழ்ந்த பதிவு 1905க்குப் பின் முறியடிக்கப்படவில்லை. உச்சமோ 2003இல் வந்தது. நெருக்கமாகக் கட்டப்பட்ட நகரங்களில் இரவு போதிய அளவு குளிர்வதில்லை. பகலில் உழைத்த இதயம் இரவில் இளைப்பாற வேண்டும். அந்த இளைப்பாறல் இரண்டு மூன்று இரவுகள் கிடைக்காமற்போனால் களைப்பு சேர்ந்துகொண்டே போகிறது. வெப்பத்தின் தீங்கு உச்ச நாளில் மட்டும் வருவதில்லை. அடுத்தடுத்த நாள்களிலும் வருகிறது.

அகமதாபாத் கற்றுத் தந்தது

இந்த மூன்றையும் நாட்டுக்குத் துயரத்தோடு கற்றுத் தந்த நகரம் குஜராத்தின் அகமதாபாத். 2010 மே மாதத்தில் அங்கே வெப்பநிலை 46.8 டிகிரியை எட்டியது. பின்னர் மருத்துவ ஆய்வாளர்கள் இறப்புப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்தனர். வழக்கமான மே மாதத்தைவிட அம்மாதம் 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தனர். இவர்களுள் பெரும்பாலோரின் இறப்பு வெப்பத்தால் நேர்ந்ததாக எழுதப்பட்டிருக்காது. மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மூச்சுத்திணறல் என்றே கணக்கில் வந்திருக்கும். வெப்பம் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் நோயின் வழியாகவே உயிரைப் பறிக்கிறது.

அந்நகர மருத்துவமனை ஒன்றில் பிறந்த குழந்தைகள் பலர் வெப்பத்தால் தீவிரப் பிரிவில் சேர்க்கப்பட்டனர். பேறுகாலப் பிரிவு கட்டடத்தின் உச்சித் தளத்தில் இருந்தது. பின்னர் அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் சேர்க்கப்படும் சிசுக்களின் எண்ணிக்கை குறைந்தது. புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ அங்கே தேவைப்படவில்லை. படுக்கை மாடியிலிருந்து கீழே வந்தது, அவ்வளவே.

2013இல் அகமதாபாத் தனக்கென ஒரு வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. தெற்காசிய நகரங்களில் அதுவே முதலாவது. முன்னெச்சரிக்கை, மருத்துவமனைகளின் ஆயத்தம், குடிநீர்ப் பந்தல்கள், கூரைகளுக்கு வெள்ளை பூசுதல் என அது விரிந்தது. 2016 மே 20 அன்று அந்நகரில் 48 டிகிரி பதிவாகி, நூறாண்டுகளுக்கு முன் 1916இல் பதிவான 47.8 டிகிரியையும் கடந்தது. அப்போது நகரம் 2010இல் இருந்ததைப் போல ஆயத்தமற்று இருக்கவில்லை. தமிழ்நாடு அரசும் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது.

யாருக்குக் கூடுதல் கவனம்

முதியவர்களுக்குத் தாகம் தோன்றுவதே குறையும், வியர்வையும் குறையும். கைக்குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது. இதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளவர்கள், பக்கவாதத்தால் படுக்கையில் இருப்பவர்கள், கருவுற்ற தாய்மார்கள், மனநல மருந்து எடுத்துக்கொள்பவர்கள் ஆகியோருக்கும் தனிக்கவனம் வேண்டும்.

மருந்துகளைப் பற்றி ஒரு சொல். உடலின் நீரை வெளியேற்றும் "நீர் மாத்திரை", இரத்த அழுத்த மருந்துகளில் சில, மனநல மருந்துகளில் சில ஆகியவை வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். அதற்காக அவற்றை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அது வேறு ஆபத்தில் முடியும். கோடை தொடங்குமுன் மருத்துவரிடம் மருந்துச் சீட்டைக் காட்டி, அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியின் கதவுப் பக்கத்திலோ உறைபெட்டியிலோ வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் ஈரமணலுக்குள் வைத்த மண்சட்டி நல்ல துணை. நிறுத்திய காருக்குள் எந்த மருந்தையும் விட்டுவைக்காதீர்கள்.

நீர் அருந்துவதிலும் எல்லோருக்கும் ஒரே விதி இல்லை. பொதுவாகத் தாகம் வரும்வரை காத்திராமல் அவ்வப்போது நீர், நீர்மோர், நீராகாரம் அருந்துவது நன்று. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு நீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு குவளையில் கண்ணளவாகக் கலக்கக் கூடாது. ஆனால் இதயம் தளர்ந்தவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் மருத்துவர் வகுத்த அளவைத் தாண்டக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளிக்கு அதை அன்போடு கொடுத்தாலும் அது தீங்காகலாம். மோரிலும் நீராகாரத்திலும் சேர்க்கும் உப்பு இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கூடாது. இவர்களுக்கு நீரைக் கூட்டுவதைவிட அறையைக் குளிர்விப்பதே சிறந்த வழி.

அதற்கான எளிய வழிகள் சில:

பகலில் வெயில் விழும் சன்னல்களைத் திரையிட்டு மூடுங்கள், இரவில் திறந்துவிடுங்கள். நோயாளியின் படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு பூசுங்கள். தகரக் கூரையின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தால் வெப்பம் இறங்குவது குறையும். ஈரத்துணியால் கைகால், கழுத்து, முகம் துடைத்து மின்விசிறியின் கீழ் அமர்த்துங்கள். அறைக்காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி அனலையே உடல்மேல் வீசும். அந்த நேரத்தில் வேறு குளிர்ந்த இடத்துக்கு மாறுவதே நல்லது.

ஆபத்தை அறிவது எப்படி

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த சோர்வு ஆகியவை முதல் அறிகுறிகள். அப்போதே நிழலுக்கு மாறி, ஆடையைத் தளர்த்தி, நீர் அருந்தினால் பெரும்பாலோர் தேறிவிடுவர். பேச்சுக் குழறல், பொருந்தாத பேச்சு, நடையில் தள்ளாட்டம், வலிப்பு, நினைவு மங்குதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அது வெப்ப வாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திருந்து பார்க்க வேண்டாம். உடல்மேல் நீரை ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். நினைவு மங்கியவருக்கு வாயில் நீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம். இது காய்ச்சல் அன்று, மாத்திரை இந்த வெப்பத்தைக் குறைக்காது.

வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகின்றனர். வெயிலில் உழைத்துச் சாய்ந்தவருக்கு வியர்வை வழிந்துகொண்டே வெப்ப வாதம் வருவதுண்டு. தோலைப் பார்ப்பதைவிட, அவரிடம் பேசிப் பாருங்கள். பெயரையும் இருக்கும் இடத்தையும் தெளிவாகச் சொல்கிறாரா என்பதே சிறந்த சோதனை.

13.9இன் பாடம்

வெப்பத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம். குளிர் நம் ஊருக்கு விருந்தாளிதானே என்று தோன்றலாம். பதிவேட்டின் மறுமுனையில் உள்ள 13.9 டிகிரி காஷ்மீரத்துக்கு இதமான காலை. சென்னையிலோ அந்தக் குளிருக்கு ஏற்ற வீடும் இல்லை, உடையும் இல்லை. மார்கழி, தை மாதங்களில் தரையில் பாய் விரித்துப் படுக்கும் முதியவருக்கும், ஈரத்துணியோடு விடப்பட்ட சிசுவுக்கும் 20 டிகிரியே குளிர்தான்.

பிறந்த குழந்தையின் உடல்வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பால் குடிப்பது குறையும், சோர்ந்துவிடும். எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி அணைத்து வைப்பதே மிகச் சிறந்த வெப்பம். தாய்க்கு இயலாதபோது தந்தையும் பாட்டியும் அதைச் செய்யலாம். தலைக்குக் குல்லாய் போடுங்கள். பிறந்தவுடன் குளிப்பாட்ட வேண்டாம்.

குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் கூடும். அதிகாலை நடைக்குச் செல்லும் இதய நோயாளிகள் வெயில் வந்தபின் செல்வது நலம். ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பனிக்காலக் காற்று தனித்துன்பம். குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடுவதால் புகை மேலெழாமல் தேங்கும். போகி நாளின் காலையில் இதை நாம் அனைவரும் காண்கிறோம். அன்று உறிஞ்சு மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, சன்னல்களை மூடி வீட்டுக்குள் இருங்கள்.

உங்கள் வீட்டின் பதிவேடு

தொடக்கத்தில் சொன்ன முதியவருக்கு வருவோம். அவருக்குப் பக்கவாதம் இல்லை என்பதை முதலில் உறுதி செய்தோம். பின்பு மகளிடம் விசாரித்தபோது ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. அவர் படுத்திருந்தது மாடியில், தகரம் வேய்ந்த அறையில். மூன்று இரவுகள் அவர் சரியாக உறங்கவில்லை. இரவில் எழுந்து சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டு, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். நீர் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுவந்தார். 41 டிகிரி அடித்த நாளில் அவர் உடலில் தாங்குவதற்கு வலு மிஞ்சியிருந்தது. 38 டிகிரி நாள் வந்தபோது அது தீர்ந்துவிட்டிருந்தது. நேரத்தோடு அழைத்து வந்ததால் அவர் தேறி வீடு திரும்பினார்.

வானிலை நிலையம் ஊருக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. நோயாளி உள்ள வீட்டில் அவருக்கென ஒரு பதிவேடு இருக்கட்டும். விலை குறைந்த சுவர் வெப்பமானி ஒன்றை வெயில் படாமல் அவர் படுக்கும் அறையில் மாட்டுங்கள். விடியற்காலையில் ஒருமுறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதுங்கள். அதன் பக்கத்தில் இரவு உறக்கம் எப்படி, எத்தனை முறை சிறுநீர் போனது, அதன் நிறம் அடர்ந்திருந்ததா, காலை எடை எவ்வளவு என்பவற்றையும் எழுதுங்கள். ஐந்து நிமிடம் போதும். விடியற்காலை அளவு இரண்டு மூன்று நாள் குறையாமலே நின்றாலோ, எடை சட்டென இறங்கினாலோ ஏறினாலோ, மயக்கம் வருமுன்பே எங்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

அந்த மகள் இப்போது அப்பாவின் படுக்கையைக் கீழறைக்கு மாற்றிவிட்டார். மாதப் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு வருகிறார். மருந்தின் அளவை மாற்றுவதற்கு முன் நாங்கள் முதலில் அதைத்தான் வாங்கிப் பார்க்கிறோம். அடுத்த முறை வரும்போது நீங்களும் ஒன்று கொண்டு வாருங்கள்.